தூக்கத் துணை

மணமகள் தேவை விளம்பரங்களில் சாதி, நட்சத்திரம், உயரம் வரிசையில் இப்போது இன்னொரு வரியும் சேர்ந்துவிட்டது. ‘தூக்கத் துணை இருந்திராத பெண்ணாக இருக்க வேண்டும்.’ அந்த வரி வந்தால் என் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படிப்பாள், துடைத்தால் வரி போய்விடும் என்கிற நம்பிக்கையில். போகாது. எனக்குத் தூக்கத் துணை இருந்தான். கிளாட்வின் என்று பெயர். எங்களுக்கு நேர் மேல்வீட்டு ஸ்டெல்லா அத்தையின் பையன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லியாக வேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் கடற்கரைப் பக்கம் ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகாமல் சில பிள்ளைகளின் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனது. மருந்து கொடுத்தால் மயங்குவார்கள், தூங்க மாட்டார்கள். மூளைக்குத் தூங்குகிற வழியே மறந்துபோயிற்று. பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நன்றாகத் தூங்குகிற ஒரு பிள்ளையின் மூளையோடு இணைத்துவிட்டால், தூங்கத் தெரியாத மூளையும் கூடவே போகும். முன்னால் போகிற சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒருவன் மிதிக்காமலே வருவான் பாருங்கள், அந்த மாதிரி. அதற்குக் காதின் பின்புறம் தோலுக்கடியில் ஒரு கருவி. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லாரும் மொச்சை என்றுதான் சொல்வோம், மொச்சைக்கொட்டை அளவில் இருப்பதால்.

கிளாட்வினுக்குக் காய்ச்சல் வந்து தூக்கம் போனது. எனக்கோ தூக்கம் என்பது பிறவிச் சொத்து. பள்ளி வேனில் தூங்கி, வேன் ஷெட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவள் நான். ஸ்டெல்லா அத்தை படியிறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அம்மாவும் அப்போது யோசிக்கவில்லை. அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு யார் கல்யாண விளம்பரத்தைப் பற்றி யோசிப்பார்கள்?

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்பது சட்டம். நான் கீழிருந்து ஜன்னல் வழியாக, “படுக்கப் போறேம்ல!” என்று கத்துவேன். மேலேயிருந்து, “நானும்ட்டி!” என்று வரும். நான் தூங்கினால் அவன் தூங்குவான். நான் எழுந்தால் அவன் எழுந்துவிடுவான். பரீட்சைக்காக நான் கண் விழித்தால் அவனுக்கும் சிவராத்திரி.

தூக்கத்தோடு கனவும் கசிந்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கு அதுதான் கொண்டாட்டம். காலையில் பல் விளக்கின வாயோடு மாடிப்படியில் உட்கார்ந்து, ராத்திரி என்ன நடந்தது என்று சரிபார்ப்போம். உப்பளத்து உப்புக்குவியல்கள் எல்லாம் கூட்டமாக எழுந்து நடந்துபோன கனவு ஒன்று. கணக்கு டீச்சர் மீனாக இருந்தும் விடாமல் கணக்குக் கேட்ட கனவு ஒன்று. யாருடைய கனவு, யாருக்குக் கசிந்தது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. ஒரு தட்டில் சாப்பிடுகிறவர்கள் எந்தப் பருக்கை யாருடையது என்றா பார்ப்பார்கள்?

பதினான்கு வயதில் அம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “இனிமே அவங்கிட்டப் போயி கனவு கினவுன்னு பேசிக்கிட்டு இருக்காத. பெரிய பிள்ளையாயிட்ட,” என்றாள். மேலே ஸ்டெல்லா அத்தையும் அதையே சொல்லியிருக்க வேண்டும். கிளாட்வின் படிக்கட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். தூக்கம் மட்டும் தொடர்ந்தது. பேச்சு சாப்பிட்டாச்சா, மழை வருமா என்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது.

பதினாறு வயதில் எனக்கு அந்தக் கனவு வந்தது. கடல் ஏறி ஏறி எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் யாருக்கும் பயமில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக, பால் கலந்த மாதிரி வெளிச்சமாக இருந்தது. ஜன்னல்கள் வழியே மீன்கள் வீட்டுக்குள் போய் விருந்தாளிகள் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பின. தண்ணீர்த் தொட்டியின் மேல் நானும் கிளாட்வினும் உட்கார்ந்திருந்தோம். நான் அவன் முகத்தை என் பக்கம் திருப்பி முத்தம் கொடுத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கொடுத்ததோ நான்தான்.

விழித்ததும் முதலில் வந்த நினைப்பு: ஐயையோ, அவன் பார்த்திருப்பானே.

இதில் உள்ள கொடுமையை மொச்சை வைக்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மற்ற பெண்களுக்குக் கனவு வந்தால் தலையணைக்குத்தான் தெரியும். எனக்கு மேல்வீட்டுக்கே தெரியும். அதற்கப்புறம் அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டால் வந்த வழியே ஓடிவிடுவேன். கொஞ்ச நாளில் ஒருநாள் படுத்தேன், மறுபக்கம் ஆளில்லை. மொச்சையை எடுத்துவிட்டு, துணையில்லாமலே தூங்க வைக்கப் புதிதாக வந்திருந்த இயந்திரத் தூக்கத்துக்குப் போய்விட்டான் என்று அம்மா சொன்னாள், குரலில் நிம்மதியை மறைக்கக்கூட முயலாமல். அடுத்த மாதம் அவர்கள் துறைமுகப் பக்கம் வீடு மாறிப் போனார்கள்.

என் கனவு பிடிக்காமல் போய்விட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அழுதேன். அழுதுகொண்டே தூங்கியும் விட்டேன். அந்த ராத்திரி தூங்கியதற்காக என்னை நானே ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடம் போனது. ஒருநாள் வெயிலடைப்பு நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பகல் பன்னிரண்டுக்கு மேல் நாலு மணி வரை எங்கள் ஊரில் யாரும் வெளியே வரக்கூடாது. அந்த வெயில் அப்படி. கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் அடைத்துவிட்டு ஊரே படுத்துவிடும். அந்த நேரத்தில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டெல்லா அத்தை நின்றார்கள். ஆள் பாதியாகிவிட்டிருந்தார்கள்.

“மெஷினு அவனுக்கு இப்ப ஏற மாட்டேங்குது ஆவுட,” என்றார்கள். ஆவுடைச்செல்வி என்கிற என் பெயரை இவ்வளவு ஆசையாகச் சுருக்கிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. “நாளான்னைக்கு நிலைமொச்ச வைக்கணுங்காவ. வச்சா ஆயுசுக்கும் எடுக்க முடியாது.”

“வச்சா தூங்குவாம்லா அத்தை?”

“தூங்குவான். கனவு மட்டும் எப்பவும் வராது. பழைய துணை கூடச் சேந்தா அது வேண்டாம்னு டாக்டர் சொல்லுதாவ. அதுவும் இந்த வயசு தாண்டிட்டா பிடிக்காதாம். இவன்ட்டக் கேட்டா முடியவே முடியாதுங்கான். ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான்.” என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், முன்பு அம்மாவின் கையைப் பிடித்த மாதிரி. “ஒன்னயக் கட்டாயப்படுத்தல மக்கா. நீ வேண்டாம்னா வேண்டாம். ஆனா அவன்ட்ட ஒருதடவ பேசு.”

எனக்கு வந்தது கோபம்தான். என்னோடு தூங்குவதைவிட ஆயுசுக்கும் கனவில்லாமல் கிடப்பது மேல் என்றா சொல்கிறான்? அதை என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெயிலடைப்பில் ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவில் ஒரு நிழல்கூட இருக்காது. எல்லா ஜன்னலிலும் ஈரச் சேலைகள் தொங்கும். உள்ளேயிருந்து பெரியவர்கள் குறட்டையும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து ஒரு முனகலாக வரும். நாய்கள் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் படுத்திருக்கும். கானல் அசைவதால் வீடுகளெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஊர் முழுக்க ஏதோ ஒரு கனவில் இருக்க, நான் மட்டும் அதற்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போல நடந்தேன்.

தூக்கம் வராதவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வேலை தயாராக இருக்கிறது. வெயில்காவல். மற்றவர்கள் தூங்கும்போது கடல்சுவரின் மதகுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் ஏறினால் அடைக்க வேண்டும், வற்றினால் திறக்க வேண்டும். தெற்கு மதகின் மேல் ஒரு நீலத் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருந்தான் கிளாட்வின். முதுகை வைத்தே அடையாளம் தெரிந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, கோபத்தோடு வந்தவளுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

“யாரு?” என்றான் திரும்பாமல்.

“ஒனக்குத் தூக்கம் போட்டவ.”

திரும்பினான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. தாடி வைத்திருந்தான், அதுவும் அரைகுறையாக. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. “ஆவுட. நேத்துதான வந்துட்டுப் போன?”

“நாலு வருசமாச்சுல.”

“அப்படியா?” யோசித்தான். “மெஷின்ல தூங்குனா அப்படித்தான். நாளு தனித்தனியாப் பிரிஞ்சு நிக்காது. எல்லாம் ஒரே பகலாக் கெடக்கு.”

நான் குடையை மடக்கிவிட்டுத் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தேன். “அப்படின்னா?”

“கனவு என்ன செய்யும் தெரியுமா? அன்னன்னைக்கு உள்ளத எல்லாம் கழுவி, அடுக்கி, எடுத்து வைக்குமாம். டாக்டர் சொன்னாரு. எனக்குக் கழுவ ஆளில்ல. பாத்திரம் பூரா தொட்டிலயே கெடக்கு. அம்ம மொகம் மறக்கல. ஆனா அவ கடைசியா எப்பச் சிரிச்சா, நேத்தா, போன வருசமான்னு கேட்டா தெரியாது.”

“நிலைமொச்ச வச்சா?”

“தொட்டி நெறஞ்சுக்கிட்டே இருக்கும்.” இதையும் அவன் வருத்தமாகச் சொல்லவில்லை. மதகின் நீர்மட்டத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான். எனக்குத்தான் அழுகை வந்தது.

“பொறவு ஏம்ல முடியாதுங்க? நான் என்ன ஒன்னயக் கடிச்சா தின்னுருவேன்?”

“ஒனக்கு மாப்பிள பாக்காங்களாம். இந்த வயசுல சேந்தா இனிப் பிரிக்க முடியாது. ஒன் வாழ்க்கைய நான் ஏன் கெடுக்கணும்?”

“எவன் வருவான், எவன் போவான்னு நான் பாத்துக்கிடுதேன். அது காரணமில்ல. காரணத்தச் சொல்லு.”

அவன் கடலைப் பார்த்தான். கடல் வெள்ளையாக, அசைவில்லாமல், அதுவும் படுத்துக்கிடந்தது.

“சொல்லாமக் கொள்ளாம மொச்சைய எடுத்துட்டுப் போனேல்லா,” என்றேன். நிறுத்த முடியவில்லை. “ஒரு வார்த்த சொன்னியால? ஜன்னல்ல நின்னு கத்துனேன், படுக்கப் போறேன் படுக்கப் போறேன்னு. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பைத்தியக்காரி மாதிரி நின்னேன்.”

“நீதான ஏம்மொகத்தப் பாக்காமத் திரிஞ்ச?” அவன் குரலில் முதல் தடவையாகச் சூடு வந்தது. “படில என்னயக் கண்டா திரும்பி ஓடுவ. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ அதப் பாத்துட்டன்னு.”

“எத?”

“அந்தக் கனவ.”

எனக்குக் காது இரண்டும் அடைத்த மாதிரி இருந்தது.

“நான் வேணும்னு காணலட்டி,” என்றான். தலையைக் குனிந்துகொண்டான். “கனவுக்கு நான் என்ன செய்ய? நீ என்னய நம்பித் தூங்குத. ஒன் தலைக்குள்ள நான் போயி அப்படி ஒண்ணப் போட்டுட்டேன்னு நெனைக்கவே அசிங்கமா இருந்துச்சு. இன்னொரு தடவையும் வந்துருமோன்னு பயம். வந்துச்சு. அதான் எடுத்துட்டேன். இப்பச் சேந்தாலும் வரும். எனக்குத் தெரியும், வரும். அதுக்கு நிலைமொச்சையே மேலு.”

“நீ என்னயக் கண்டியா?” என்றேன், முட்டாள் மாதிரி.

“பொறவு கணக்கு டீச்சரையா?”

“அது ஒங் கனவில்லல.”

“பொறவு?”

“எங் கனவு. முத்தம் குடுத்தது நான்.”

“யாரு? நீயா? குடுத்தது நாந்தான்ட்டி!”

“ஏல, எனக்குத் தெரியாதா? நான் கண்ட கனவு!”

“நான் கண்டதுக்கு நீ ஏன்ட்டி சொந்தம் கொண்டாடுத?”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பந்துக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகள் மாதிரி மல்லுக்கு நின்றோம். சத்தம் போட்டால் ஊர் எழுந்துவிடும் என்று நினைவு வந்து, ரகசியக் குரலில் மல்லுக்கு நின்றோம். பிறகு நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். சிரிக்கிற பழக்கம் விட்டுப்போய், எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாதவன் மாதிரி ரொம்ப நேரம் சிரித்தான்.

“அப்போ நீ வெறுக்கலையா?” என்றான்.

“இல்ல.”

“நானும் இல்ல.”

சுவருக்குக் கீழே தண்ணீர் மெதுவாக ஏறத் தொடங்கியிருந்தது.

“நாளைக்கு வாறியா, மாட்டியா?” என்றேன்.

“மதக அடைக்கணும்.”

“அடச்சிட்டு வா.”

மறுநாள் நான் கிளம்பும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “சேந்துட்டா பொறவு எடுக்க முடியாதுன்னு தெரியும்லா?”

“தெரியும்.”

“இனிமே எவன் வருவான் ஒன்னயக் கேட்டு?”

“வராட்டி போறாம்மா. நான் தூங்குத ஆளு, எனக்கு நேரம் போயிரும்.” அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. வழியை மட்டும் விட்டாள்.

தூக்க மருத்துவமனையில் எங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டவர் மும்தாஜ் அக்கா. மொச்சை வைப்பது, சரிபார்ப்பது, பயப்படுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது எல்லாம் அவர்தான். இப்போது தலை நரைத்திருந்தது. அந்த அறையில் இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு பச்சைத் திரை. இத்தனை வருடத்தில் நானும் அவனும் ஒரே அறையில் படுப்பது அதுதான் முதல் தடவை. எப்போதும் நடுவே ஒரு கூரை இருந்தது.

அக்கா அவன் காதுக்குப் பின்னால் மருந்து தடவிக்கொண்டிருந்தார். என் மொச்சை அப்படியே இருந்தது, நான் எடுக்கவே இல்லை. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. அக்காதான், “இவ அப்படியே வச்சிருக்கா பாத்துக்கோ,” என்று போட்டு உடைத்தார். கிளாட்வின் என்னைப் பார்த்த பார்வையில் நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று, “இப்பவாவது ஒத்துக்கோல. தண்ணித் தொட்டி மேல ஏறுனதே நாந்தான்,” என்று மெதுவாகச் சொன்னேன்.

“எந்தத் தண்ணித் தொட்டி?”

“நம்ம மொட்டைமாடித் தொட்டி. கடல் ஏறி வந்துச்சுல்லா.”

“கடலா? கடலே இல்ல. திருச்செந்தூரு பஸ்ஸு. மழ பெய்யுது. நீ ஜன்னலோரம் இருக்க. பஸ்ஸுல வேற ஆளே கெடையாது, டிரைவர்கூட இல்ல. அது பாட்டுக்குப் போகுது.”

“மீன்லாம் வீட்டுக்குள்ள வந்துச்சே?”

“மீனா?”

மும்தாஜ் அக்காவின் கை நின்றது. “எந்த வயசுல கண்ட கனவப் பேசிக்கிட்டு இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“பதினாறு,” என்றான் கிளாட்வின்.

அக்கா முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். “உங்க அம்மாமாரு சொல்லவே இல்லையா?” என்றார். நாங்கள் விழித்தோம். “ஆணும் பொண்ணுமா இருந்த சோடிக்கெல்லாம் பதினாலு வயசுல சல்லட போட்டுட்டோம்மா. தூக்கம் போவும், கனவு போவாது. மொச்சையச் சரிபாக்கிற சாக்குல உங்களுக்கு நாந்தான் போட்டேன். உங்க ரெண்டு அம்மாவும் இங்கனதான் நின்னாங்க. பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம், வெக்கப்படும்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்.”

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. கனவு பேசக் கூடாது என்று அம்மா சொன்னது அந்த வாரம்தான். பேசியிருந்தால், கனவு கசிவது நின்றுவிட்டது என்று மறுநாள் காலையிலேயே படிக்கட்டில் கண்டுபிடித்திருப்போம். அப்படியானால் பதினாறு வயதில் என் கனவை அவன் பார்க்கவே இல்லை. அவன் கனவை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத ஒன்றுக்காக நான் படியில் ஓடியிருக்கிறேன். யாரும் பார்க்காத ஒன்றுக்காக அவன் நான்கு வருட நாட்களைத் தொலைத்திருக்கிறான். அம்மாவை நினைத்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த இரண்டு அம்மாக்களும் எங்களை எங்களிடமிருந்து காப்பாற்றிய லட்சணம் இது.

கொஞ்சம் தாமதமாகத்தான் மற்றது புரிந்தது. கசியவில்லை என்றால், பஸ்ஸில் வந்த நான் அவனுடைய சொந்தக் கனவு. தொட்டி மேல் இருந்த அவன் என்னுடைய சொந்தக் கனவு. ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரு கூரைக்கு மேலும் கீழும் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியே அதைக் கண்டிருக்கிறோம்.

கிளாட்வினும் அதே இடத்துக்கு வந்துசேர்ந்திருந்தான். அவன் முகம் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

“இப்ப நீங்க பெரியவங்க,” என்றார் மும்தாஜ் அக்கா. “சல்லட வேணுமா, வேண்டாமான்னு நீங்களே சொல்லணும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் எடுப்பேன்.”

“வேண்டாங்க்கா. எடுத்துருங்க,” என்றான் அவன் உடனே.

இத்தனை நேரம் தைரியசாலியாக இருந்த நான்தான் இப்போது பயந்தேன். நேற்று வரை பயந்தவன் அவன். பார்த்துவிட்டான் என்று நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி. இனிமேல் உண்மையாகவே பார்க்கப் போகிறான் என்பது வேறு மாதிரி. என் தலைக்குள் என்னென்ன குப்பை கிடக்கிறதோ, எனக்கே தெரியாது.

“கொஞ்ச நாளு இருக்கட்டுமே,” என்றேன்.

“பயமா இருக்காட்டி?”

“ஆமா.”

“அப்ப இருக்கட்டும்,” என்றான். கட்டாயப்படுத்தவில்லை, கேலி செய்யவில்லை. “தூக்கம் மட்டும் போதும். எங்கனவு எனக்கு வந்துரும்லா. ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப எடுத்துக்கிடலாம்.”

அவன் அப்படிச் சொன்ன விதத்தில்தான் எனக்குப் பயம் போனது. இந்தப் பயலை எனக்குப் பிடித்திருக்கிறது. பதினாறு வயதிலேயே பிடித்திருந்தது, அதற்கு முன்பும்தான். அதைத் தெரிந்துகொள்ள இவனுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

“எடுத்துருங்க்கா,” என்றேன்.

வெளியே ஊர் அடைத்துக்கிடந்தது. அக்கா ஜன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டுவிட்டுப் போனார். நான் கண்ணை மூடினேன். எனக்குத் தூக்கம் வருவதற்கு என்ன, கூப்பிட்டால் ஓடிவரும். அதன் பின்னால் அவன் வந்து சேருவது தெரிந்தது. கேரியரைப் பிடித்தவனின் கனம். நான்கு வருடமாக என் சைக்கிள் எவ்வளவு லேசாக ஓடியது என்பதும், அந்த லேசு எனக்குப் பிடிக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

காதல் கனவு வந்து மானம் போகும் என்று பயந்துகொண்டு படுத்தேன். வந்தது பத்துப்பாத்திரம் தேய்க்கிற கனவு. கடற்கரை நெடுக, கண்ணுக்கு எட்டின மட்டும், கழுவாத பாத்திரங்கள் குவிந்துகிடந்தன. கிளாட்வின் முழங்கால் ஆழத்தில் நின்று ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தான். நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் ஒரு நாள் இருந்தது. ஒரு குண்டானில் ஸ்டெல்லா அத்தை ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரு தூக்குச் சட்டியில் மதகின் மேல் மழை. ஒரு டம்ளரில் துறைமுக வீட்டின் புதுச் சுண்ணாம்பு வாசனை. நான் தேய்த்துக் கொடுக்க, அவன் கழுவிக் கவிழ்த்தான். கவிழ்த்த பாத்திரங்கள் கரை நெடுக வெயிலில் மின்னின. முடியவே முடியாத வேலை, ஆனால் அலுப்பாக இல்லை.

நான் விழித்தபோது ஈரத்துணி காய்ந்து அசைந்துகொண்டிருந்தது. எழுந்து திரையை விலக்கினேன்.

கிளாட்வின் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. எத்தனை வருடம் அவனைத் தூங்க வைத்திருக்கிறேன், ஒருமுறைகூடக் கண்டதில்லை. நான் தூங்கும்போதுதானே அவன் தூங்குவான்? எப்படிப் பார்ப்பேன்? நிறுத்தின பிறகும் மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றுமே, அதுபோல நான் எழுந்த பின்னும் அவனுக்குச் சில மூச்சு தூரம் தூக்கம் ஓடும் என்று மும்தாஜ் அக்கா பிறகு சொன்னார். நடுவில் ஒரு கூரை இருந்தவரை எங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லை. கை மட்டும் போர்வைக்கு மேல் எதையோ கழுவுவது மாதிரி அசைந்தது.

தூக்கம் தீர்ந்துகொண்டே வந்தது. நான் யோசிக்கவில்லை. குனிந்து முத்தம் கொடுத்தேன்.

அவன் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.

“ஏட்டி,” என்றான். “இது யாரு கனவு?”

“கனவு முடிஞ்சிட்டுல,” என்றேன். “கண்ணத் தொற.”